விட்ட மீன் என்ன ஆனது? செட்டிநாட்டு விடுதி ஒன்றின் தூண்டில் பயணம்: நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய நகரத்தார் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து எட்டு அறை விடுதியாக நடத்திவருகிறேன். வீட்டுக்கார ஆச்சி இன்னும் வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில்தான் இருக்கிறார். குழம்பில் உப்பும் புளியும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்றைக்கும் அவர்தான். வருகிறவர்கள் முகப்பையும், நடு முற்றமான வளவையும் பார்த்து, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படம் எடுத்து, பிள்ளையார்பட்டிக்கும் திருமயம் கோட்டைக்கும் போய் வந்தால் இரண்டு நாள் முடிந்துவிடும். மூன்றாம் நாளும் தங்க வேண்டும் என்றால் வேறு ஏதாவது காட்ட வேண்டும். அப்படி ஆரம்பித்ததுதான் கடல் தூண்டில் பயணம்.

செட்டிநாட்டில் கடல் கிடையாது. ஆனால் தேவகோட்டை, திருவாடானை வழியாகக் காரில் போனால் ஒன்றரை மணி நேரத்தில் தொண்டிக் கரை. எங்கள் சமையலறைக்கு ஆறு வருஷமாக மீன் அனுப்பும் அண்ணன் அந்தக் கரைக்காரர். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அவரிடம் பேசித்தான் இதைத் தொடங்கினேன்.

இந்த ஆய்வு 2024 பிப்ரவரியில் நடந்த ஒரு பயணத்தைப் பற்றியது. யாரும் புகார் கொடுக்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. விருந்தினர்கள் மகிழ்ச்சியாகத்தான் ஊருக்குப் போனார்கள். தவறு என்று யாருமே சொல்லாத ஒரு காரியம் அடுத்த வாரமும் அப்படியே நடக்கும் என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கத்தில் இன்னும் சில விடுதிக்காரர்கள் இதே மாதிரிப் பயணம் தொடங்க யோசிக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

நடந்தது

வந்தவர்கள் பெங்களூரிலிருந்து நான்கு பேர். நல்ல மனிதர்கள். தூண்டில் அவர்களுக்கு நீண்ட நாள் ஆர்வம். ராடு, ரீல் எல்லாம் சொந்தமாகக் கொண்டுவந்தார்கள். வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்: "நாங்கள் மீனைக் கொல்ல மாட்டோம். பிடிப்போம், படம் எடுப்போம், விட்டுவிடுவோம்." எனக்கு அது பிடித்துப்போனது. விடுதியின் அறிமுகத் தாளில் "மீனுக்குத் தீங்கில்லாத கடல் பயணம்" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரியை எழுதியது நான். இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாளும் கடலுக்குப் போவது என்றொரு ஏற்பாடு உண்டு. விசைப்படகு போகாத நாளாகப் பார்த்து விடியற்காலை கிளம்பினோம். மாசி மாதம், வாடை அடங்கிக் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆறரை மணிக்கு முதல் தூண்டில் இறங்கியது.

பத்து மணிக்குள் பதினோரு மீன்கள். பாறை மீன் ஆறு, விளைமீன் நான்கு, களவா ஒன்று. அவர்கள் போட்டது இரை இல்லை. மீன் மாதிரியே செய்த பிளாஸ்டிக் லூர். ஒவ்வொன்றிலும் இரண்டு மும்முள் கொக்கி, ஒவ்வொரு முள்ளிலும், மாட்டிய மீன் நழுவாமல் பிடிக்கும் எதிர்முள். மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனை ஓடவிட்டு ஓடவிட்டுக் களைக்க வைப்பதில்தான் சுவை. முதல் பாறை படகுக்கு வர 12 நிமிஷம் ஆனது. அப்புறம் அதைத் துண்டு விரித்துக் கிடத்தி, கொக்கிகளைப் பிடுங்கி, எடை போட்டு, ஆளுக்கொரு படம். பிறகு கடலில் விட்டார்கள். வாலை ஒரு முறை அடித்து அது மறைந்தபோது நானும் கைதட்டினேன்.

களவாதான் கதையை மாற்றியது. தாடையில் கொக்கி மாட்டித் தராசில் தொங்கவிட்டபோது 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அன்றைக்குக் கிடைத்ததில் பெரியது என்பதால் நான்கு பேரும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் சேர்ந்து ஒன்று. எடுத்தவன் நான். வீட்டுக்கு வந்து என் கைபேசியில் நேரத்தைப் பார்த்தேன். முதல் படம் 9.12. கடைசிப் படம் 9.15.

கடலில் விட்டதும் அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஒருவர் கையை நீரில் விட்டு அதை முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தார். செவுள் திறந்து திறந்து மூடியது. கையை எடுத்தால் மறுபடி சாய்ந்தது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் அப்படியே போனது, பிறகு வயிறு மேலே வந்துவிட்டது. படகுக்கார அண்ணன் கைவலையை எடுத்து அதை அள்ளி உள்ளே போட்டார். விருந்தினரில் ஒருவர் வருத்தத்தோடு சொன்னார், "வேண்டாம் அண்ணா, நாங்கள் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், கடலிலேயே விட்டுவிடுங்கள்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, செத்த மீனை எதுக்குக் கடல்ல போடணும்? நாலு வீட்டுக்குக் குழம்புக்கு ஆகும்."

நான் பதில் சொல்லவில்லை. காசு கொடுத்தவர்கள் அவர்கள், படகை அமர்த்தியது நான், முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் இருந்தது நான். வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மீனைத் தூக்கிக் கடலில் போட்டார். நாங்கள் தள்ளிப் போகும்வரை அது வெள்ளையாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அன்று இரவு சாப்பாட்டில் நெய்மீன் வறுவலும் இறால் தொக்கும் இருந்தன. நால்வரும் விரும்பிக் கேட்டவை. சமையல்காரர் காரைக்குடியில் வாங்கிவந்திருந்தார். ஆச்சி பரிமாறும் இடத்துக்கு வந்து நின்று, கடலுக்குப் போனவர்கள் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "பிடிச்ச மீனை விட்டுட்டு, வேற யாரோ பிடிச்ச மீனைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுறாகளா?" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கணக்குப் பார்க்க வந்த படகுக்கார அண்ணன், அடுத்த பயணத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு நான் கொடுத்தது 6,000 ரூபாய். சாதாரண நாளில் பெட்ரோல் போக அவர் கையில் நிற்பதைவிடப் பல மடங்கு. "காசு வேணும்தான் தம்பி. ஆனா இந்த மாதிரி வேணாம்" என்றார். அதற்கு மேல் அவரும் விளக்கவில்லை.

மீனின் பக்கம்

நான் முதலில் தேடியது ஒரு சாக்கு. களவா ஆழத்து மீன், மேலே கொண்டுவந்ததும் அழுத்தம் மாறி உள்ளே காற்றுப்பை ஊதிவிட்டது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி நடப்பது உண்மைதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அந்தப் பையில் உள்ள காற்று நான்கு மடங்காக விரியும். களவா, செப்பிலி மாதிரி மீன்களில் இரைப்பை வாய் வழியாக வெளியே பிதுங்கி வருவதும், கண் துருத்துவதும் அதனால்தான். அப்படி ஊதிய மீன் கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும்.

ஆனால் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பல இடங்களில் 10 மீட்டர்கூடக் கிடையாது. அன்று நாங்கள் நின்ற இடம் சுமார் 8 மீட்டர் என்று அண்ணன் சொன்னார். அங்கிருந்து வந்த மீனின் காற்றுப்பை இரண்டு மடங்குகூட ஆகியிருக்காது. அதன் வாயில் எதுவும் பிதுங்கியிருக்கவும் இல்லை. ஆகவே பழியைக் கடலின் மேல் போட முடியவில்லை. மிச்சம் இருந்தது படகில் நாங்கள் செய்தவை மட்டும்தான்.

தூண்டிலில் மாட்டிய மீன் உயிருக்குப் போராடும்போது அதன் தசை, கிடைக்கும் ஆக்சிஜனை மிஞ்சி வேலை செய்கிறது. லாக்டிக் அமிலம் சேருகிறது, இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. ஓடிக் களைத்த மனிதனுக்கு மூச்சு வாங்குவது மாதிரி, அந்த நேரத்தில்தான் அதற்கு ஆக்சிஜன் அதிகமாக வேண்டும். நாம் அதே நேரத்தில் அதைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறோம். செவுளின் இதழ்கள் நீரில்தான் விரிந்து நிற்கும்; காற்றில் ஈரத் தாள்கள் ஒட்டுவது மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

1992-இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை ஓடவிட்டு, சிலவற்றைக் காற்றில் வைக்காமலும், சிலவற்றை 30 விநாடியும், சிலவற்றை 60 விநாடியும் காற்றில் வைத்தும் பார்த்தார்கள். அடுத்த 12 மணி நேரத்துக்குள் முதல் கூட்டத்தில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடிக்கு 38 சதவீதம், 60 விநாடிக்கு 72 சதவீதம். அது குளிர்ந்த நன்னீரில் வாழும் மீன். அந்த எண்ணை அப்படியே நம் களவாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்த மீன்கள் ஒரு நிமிஷம் காற்றில் இருந்தன. எங்கள் களவா மூன்று நிமிஷம் இருந்தது. அதுவும் தாடையில் தொங்கி, தன் முழு எடையையும் அந்த எலும்பிலேயே சுமந்து.

மற்ற பத்து மீன்களின் கதி? அவை நீந்திப் போனதைப் பார்த்தேன், அதனால் பிழைத்தன என்று நினைத்தேன். விட்டவன் கண்ணுக்குத் தெரிவது முதல் ஐந்து விநாடிதான். காய்ந்த துண்டில் கிடத்தியதில் உடம்பின் வழுவழுப்பு போயிருக்கும். நோய்க்கிருமிகளிலிருந்து மீனைக் காப்பது அந்த வழுவழுப்புதான். களைத்த மீனைப் பெரிய மீன் சுலபமாகப் பிடித்துவிடும். பார்தோலோமியூ, போன்சாக் இருவரும் 2005-இல், பிடித்து விடப்பட்ட மீன்களின் இறப்பு பற்றி அதுவரை வந்த 274 கணக்கீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி இறப்பு 18 சதவீதம், இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) 11 சதவீதம். கொக்கி உதட்டில் மாட்டியதா, தொண்டையில் இறங்கியதா என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று வந்தது. ஆழமும் வெதுவெதுப்பான நீரும் நீண்ட போராட்டமும் கையாளும் நேரமும் இறப்பைக் கூட்டின. ஆழத்தைத் தவிர மற்ற மூன்றும் அன்று எங்கள் படகில் இருந்தன.

இந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் பதினொன்றில் இரண்டு. ஒன்று என் கண்முன்னே போனது. இன்னும் ஒன்றாவது என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். "மீனுக்குத் தீங்கில்லாத" என்று அச்சடித்துக் கொடுத்தவன் நான்.

சரி, சாகாத மீனுக்கு வலித்ததா? இதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. 2003-இல் லின் ஸ்நெடனும் அவருடைய சகாக்களும் டிரவுட் மீனின் முகத்திலும் தலையிலும் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ விஷமோ அசிட்டிக் அமிலமோ ஏற்றிய மீன்கள் தரையில் அமர்ந்து உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டின. அமிலம் ஏற்றியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. இரண்டு வகை மீன்களும் வெகு நேரம் இரை எடுக்கவில்லை. இன்னொரு பக்கம் ஜேம்ஸ் ரோஸ் 2002-இல் எழுதியது: வலி என்ற அனுபவத்துக்கு வேண்டிய மூளைப் புறணி மீனுக்கு இல்லை, அது துள்ளுவதை நாம் நம் வலியாகப் படிக்கிறோம். இரண்டையும் என்னால் முடிந்த அளவு படித்தேன். தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது இது: வலிக்கும் என்று சொல்ல இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது, வலிக்காது என்ற நம்பிக்கையின் மேல் ஒரு பொழுதுபோக்கைக் கட்ட முடியாது. பசிக்காக என்றால் அது வேறு பேச்சு.

மறுபக்க வாதங்கள்

விருந்தினர்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரோடு பிறகு நீண்ட நேரம் தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்னதில் இரண்டு விஷயங்களை என்னால் தள்ள முடியவில்லை.

ஒன்று, அளவு. இழுவலை ஒரு தடவை இழுத்து எடுக்கும்போது சேர்ந்து வரும் கழிவு மீனான சங்காயத்தில் எத்தனை களவாக் குஞ்சு, எத்தனை விளைமீன் குஞ்சு இருக்கும்? அதெல்லாம் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. அதற்கு முன்னால் எங்கள் ஒரு களவா என்ன கணக்கு என்று கேட்டார். உண்மைதான். பாக் விரிகுடாவின் மீன்வளம் குறைவதற்குத் தூண்டில்காரன் காரணமில்லை. ஆனால் பக்கத்து வீடு எரிகிறது என்பதால் என் வீட்டில் நான் வைக்கும் தீ சின்னதாகிவிடாது. அவர் கேட்டது கடலைப் பற்றி. ஆச்சியும் அண்ணனும் கேட்டது அந்த ஒரு மீனைப் பற்றி. இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. பெரிய மீனை விடுவது கடலுக்கு நல்லது என்றார். கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாக முட்டையிடும் தாய். களவாவில் இது தலைகீழ்: பல களவா இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெரிதானபின் ஆணாகும். இரண்டிலும் பெரிய மீன்களையே தொடர்ந்து எடுத்தால் ஒரு பாலே அருகிப்போகும். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பெரிய கொடுவா மாட்டினால் விடத்தான் வேண்டும். சிக்கல் என்னவென்றால், படத்துக்காகத் தேடிப் போவதும் அதே பெரிய மீனைத்தான். அதிக நேரம் போராடுவதும், அதிக நேரம் தராசில் தொங்குவதும், அதிகப் படம் எடுக்கப்படுவதும் அதுதான். காப்பாற்ற வேண்டிய மீனையே குறிவைத்துப் பிடித்து, களைக்க வைத்து, பிறகு காப்பாற்றியதாகச் சொல்கிறோம்.

சட்டம் கட்டாயமாக விடச் சொல்கிற உயிர்களும் உண்டு. திமிங்கலச் சுறா, கடற்குதிரை, இராட்சதக் களவா போன்றவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தன. தெரியாமல் மாட்டினால் விடுவது கடமை, அதில் பேச்சே இல்லை.

வேண்டுமென்றே பிடித்து விடுவது பற்றிச் சில நாடுகள் வெளிப்படையாகவே முடிவெடுத்திருக்கின்றன. தகுந்த காரணமில்லாமல் ஒரு விலங்குக்கு வலியோ துன்பமோ தரக்கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம். உணவுக்காகப் பிடிப்பது காரணமாக ஏற்கப்படுகிறது. விடுவதற்காகவே பிடிப்பது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தில் திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதற்கே தடை. வேறு பல நாடுகளிலோ பிடித்து விடுவதுதான் பண்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே செயலை ஓரிடத்தில் குற்றம் என்றும் இன்னோரிடத்தில் நல்லொழுக்கம் என்றும் சொல்கிறார்கள் என்பதைப் படித்தபோதுதான், இதை நாங்களே உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று தெளிந்தேன்.

வளவில் நடந்த பேச்சு

ஒரு மாலையில் வளவில் உட்கார்ந்தோம். ஆச்சி, சமையல்காரர், வரவேற்பில் இருக்கும் தம்பி, நான். படகுக்கார அண்ணனும் என் அழைப்புக்காக வந்திருந்தார்.

தம்பி விருந்தினர்களுக்காகப் பேசினான். "அதிபத்த நாயனாரே மீனை விட்டவர்தானே? அதைக் கும்பிடுறோமே?" என்றான். எங்கள் பக்கத்துச் சிவன் கோயில் பிரகாரங்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வாழ்ந்தவர். தினமும் பிடிக்கும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார். கடைசியில் பொன்மீன் ஒன்று வலையில் வந்தது; அதையும் விட்டார். இன்றும் நாகையில் ஆவணி ஆயில்யத்தன்று அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆச்சி உடனே சொன்னார்: "அவரு பசியோட விட்டாருப்பா. வீட்டுல பிள்ளைகள் பட்டினி. இவுக விட்டதுல இவுகளுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் பிடிபட்டது. அண்ணனும் அப்போதுதான் மனம் திறந்தார். அவர் சொன்னது ஆவுளியா பற்றி. கடற்பசுவைத்தான் அந்தக் கரையில் ஆவுளியா என்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் காப்பாற்றிவிட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்துப் பாராட்டியிருக்கிறது. "வலை போனா ஆயிரக்கணக்குல நட்டம் தம்பி. அப்படியும் அறுத்து விடுறோம். அது விடுறது. அன்னைக்குப் படகுல நடந்ததுல நட்டப்பட்டது மீனு மட்டும்தான்" என்றார்.

பிறகு பேச்சு கண்மாய்ப் பக்கம் போனது. அறுவடை முடிந்து கோடையில் தண்ணீர் வற்றும்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு ஊரே கண்மாயில் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை எது கிடைத்தாலும் அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் மீன் குழம்புதான். அதிலும் விளையாட்டு இருக்கிறது, கூச்சல் இருக்கிறது, யார் பெரியது பிடித்தார் என்ற பெருமை இருக்கிறது. ஆகவே மகிழ்ச்சியே கூடாது என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அங்கே மகிழ்ச்சியின் கடைசியில் ஒரு சட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

என்ன மாற்றினோம்

அறிமுகத் தாளிலிருந்து அந்த வரியை எடுத்தேன். இப்போது அதில் இருப்பது: "இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கப் போகிறோம். போதுமானது கிடைத்ததும் தூண்டில் மேலே வந்துவிடும்." நான்கு பேருக்கு 3 கிலோ என்பது கணக்கு. ஏழரை மணிக்கே அது கிடைத்துவிட்டால் ஏழரைக்கே நிறுத்துகிறோம். மிச்ச நேரம் கடலைப் பார்க்கலாம், அண்ணனோடு பேசலாம். இதுதான் விருந்தினர்களுக்கு மிகவும் கடினமான விதி என்று அனுபவத்தில் தெரிந்தது. மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தச் சொன்னால் முகம் சுருங்கும்.

மும்முள் கொக்கி படகில் ஏறக்கூடாது. இரை வைத்த ஒற்றைக் கொக்கிதான், அதுவும் முனை உள்ளே திரும்பிய வட்டக் கொக்கி. அது தொண்டைக்குள் இறங்குவதைவிட வாயோரத்தில் மாட்டுவதுதான் அதிகம். எதிர்முள்ளைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறோம். நரம்பு தடிப்பானது, மீனை ஓடவிட்டு விளையாட இடமில்லை, சீக்கிரம் படகுக்கு வந்துவிடும். சின்ன மீன், சினை மீன், பெரிய கொடுவா, சட்டம் காக்கும் உயிர் எதுவானாலும் தண்ணீரை விட்டு எடுப்பதில்லை. படகோரம் நீருக்குள்ளேயே குறடால் கொக்கியைக் கழற்றுவோம். அதற்குப் படம் கிடையாது. தொண்டையில் கொக்கி இறங்கிய மீன் பிடிக்கத் தடையில்லாததாக இருந்தால் சின்னதானாலும் சட்டிக்குத்தான். தடையுள்ளது என்றால் நரம்பை வாயருகே அறுத்துவிடுவோம், கொக்கியைத் தோண்டி எடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும் அந்த 61 நாளும் விருந்தினர்களைக் கூட்டிப் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

சைவச் சாப்பாட்டுக்கார விருந்தினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அவர்களாவது உயிரோடு விட்டார்கள், நீங்கள் கொன்று தின்றுவிட்டு நியாயம் பேசுகிறீர்களே" என்றார். அவருடைய நிலை என்னுடையதைவிட நேரானது என்று அவரிடமே சொன்னேன். கொல்லக் கூடாது என்று நினைப்பவர் கொக்கியையும் போட வேண்டியதில்லை. நான் மீன் சாப்பிடுகிறவன். நான் சாப்பிடும் மீன் எப்படிச் சாகிறது என்பதற்கு நான் பொறுப்பு என்ற அளவுக்குத்தான் என்னால் வர முடிந்திருக்கிறது. பிடித்த மீனை உடனே தலையில் அடித்து ஐஸில் வைக்க அண்ணனிடமே கற்றுக்கொண்டேன். துடித்துக் கிடந்து சாகும் மீனைவிட அதன் சதையும் நன்றாக இருக்கிறது.

விதிகளைச் சொன்னதும் இரண்டு கூட்டம் பயணத்தை ரத்து செய்தது. ஒருவர் நாங்கள் பிற்போக்கானவர்கள் என்று எழுதினார். வருமானம் குறைந்தது உண்மை. அண்ணன் திரும்ப வந்துவிட்டார். ஆனால் முன்பு மாதிரி அடிக்கடி பயணம் இல்லாததால் அவருக்கும் வரும்படி குறைவுதான். அதை ஈடுகட்ட, விருந்தினர் பயணம் இல்லாத வாரங்களிலும் அவர் மீனைச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் கூட்டியே எடுக்கிறேன். அது முழுக்க ஈடாகவில்லை. இதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூர்க்காரர்களில் தொலைபேசியில் பேசினவர், களவாவின் படத்தைக் கேட்டார். ஐந்து படங்களையும் நேரம் தெரியும்படி அனுப்பினேன். அன்று அவர் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். தன் ராடைக் கொண்டுவரவில்லை. அண்ணனின் கைத்தூண்டிலை வாங்கிப் போட்டார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் இப்போது ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம்: என்ன மீன், எங்கே கொக்கி மாட்டியது, எடுத்ததா விட்டதா, விட்டது எப்படிப் போனது. அன்றைய பக்கத்தில் அவருடைய மூத்த மகள் பென்சிலில் எழுதியது இருக்கிறது. விளைமீன் 3, எடுத்தது. பாறை 1, எடுத்தது. களவா 1, முழங்கை நீளம், உதட்டில் கொக்கி, தண்ணீரிலேயே கழற்றியது, தானாகக் கீழே போனது. மணி 7.40. தூண்டில் மேலே.